கேம்பருக்குள் ஈரம்: திறந்து வைப்பதா, மூடி உலர்த்துவதா?

சியாட்டில் பக்கத்தில் அக்டோபர் பிறந்தால் மழை ஆரம்பம். நம் ஊர் ஐப்பசி மழையைப் போல் கொட்டித் தீர்க்காது, தூறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர்தான், சென்னையைவிடக் குறைவு. ஆனால் ஏப்ரல் வரை பிரித்துப் பிரித்துப் பெய்கிறது, இடையில் வெயிலும் தலைகாட்டுவதில்லை. அதனால் நனைந்தது எதுவும் காய்வதில்லை. டிசம்பரில் வெளியே சராசரி 5 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு அங்கே இங்கே. பூசணம் நின்றுபோக இந்தக் குளிர் போதாது. மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

எங்களிடம் இருப்பது 22 அடி ட்ராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளேயே தங்கும் கேம்பர். செப்டம்பர் கடைசியில் வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தினால் மே மாதம்தான் மறுபடி எடுப்போம். வாங்கிய முதல் குளிர்காலத்தில், கடையில் அடுக்கி வைத்திருந்த ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் நான்கை வாங்கி உள்ளே மூலைக்கொன்றாக வைத்தேன். காற்றோட்டமும் இருக்கட்டுமே என்று கூரையிலுள்ள காற்றுத் திறப்பை, அதாவது வென்ட்டை, இரண்டு விரற்கடை திறந்தும் வைத்தேன். பிப்ரவரியில் ஒருநாள் கதவைத் திறந்தபோது ஈரச் சாக்கு நாற்றம் முகத்தில் அடித்தது. படுக்கை மெத்தையைத் தூக்கினால் அடிப்புறம் முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகள். அதன் கீழிருந்த ப்ளைவுட்டில் மெத்தையின் தையல் கோடுகள் எங்கெங்கே அழுந்தினவோ அங்கெல்லாம் கறுப்பாகப் பூசணம் கோடு போட்டிருந்தது. சாப்பாட்டு மேசை பெஞ்சின் கீழே வைத்த டப்பா சாய்ந்து, அதில் சேர்ந்திருந்த உப்புத் தண்ணீர் ஓடி, பெஞ்சுக் கதவின் கீல் துருவேறிக் கிடந்தது.

அந்த மெத்தையைக் குப்பையில் போட்டுவிட்டு யோசித்தபோதுதான் தவறு பிடிபட்டது. டப்பா வைத்ததும் தவறில்லை, வென்ட்டைத் திறந்ததும் தவறில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ததுதான் தவறு. ஈரத்தைச் சமாளிக்க இரண்டே வழி. வெளிக் காற்றைத் தாராளமாக உள்ளே ஓடவிடுவது ஒன்று. முடிந்தவரை மூடிவிட்டு உள்ளிருக்கும் காற்றை உலர்த்துவது மற்றொன்று. எந்தச் சாதனம் வாங்குவது என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

இதைச் சும்மா சொன்னால் நம்பிக்கை வராது, கணக்கைப் பாருங்கள். எங்கள் டிரெய்லருக்குள் கிட்டத்தட்ட 29 கன மீட்டர் காற்று இருக்கிறது. 7 டிகிரியில், 85 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஆறரை கிராம் நீராவி. மொத்தமாகச் சேர்த்தால் 190 கிராம், ஒரு டம்ளர் தண்ணீர். அதை 60 சதவீதத்துக்கு இறக்க எடுக்கவேண்டியது வெறும் 55 கிராம்தான். இவ்வளவு அற்பமா என்று தோன்றும். ஆனால் எந்த டிரெய்லரும் காற்றுப் புகாத டப்பா இல்லை. எல்லாவற்றையும் மூடி வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்காற்று முழுக்க மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 12 தடவை அந்த 55 கிராமை எடுக்கவேண்டும். அதுவே 660 கிராம். வென்ட்டைத் திறந்து வைத்து, மணிக்கு இரண்டு தடவை காற்று மாறினால்? நாளுக்கு இரண்டரை லிட்டருக்கும் மேல். என் நான்கு டப்பாக்களும் நான்கு மாதம் உட்கார்ந்து சேர்த்த தண்ணீர் மொத்தம் இரண்டு லிட்டர் இருக்கும். திறந்த வென்ட் ஒரே நாளில் கொண்டுவந்து கொட்டுவது அதைவிட அதிகம். டிரெய்லரை உலர்த்துவதாக நினைத்துக்கொண்டு நான் சியாட்டிலையே உலர்த்தப் பார்த்திருக்கிறேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் செய்யவேண்டியது ஒன்று உண்டு. கூரையில் ஏறி, வென்ட் ஓரங்கள், ஏணி திருகுகள், முன்பின் சேரும் விளிம்புகள் என்று சீலன்ட் பூசிய எல்லா இடத்தையும் கையால் தடவிப் பாருங்கள். வெடிப்பு, தூக்கிக்கொண்ட ஓரம் எது கண்ணில் பட்டாலும் மழை வருமுன் அடைத்துவிடவேண்டும். கூரை ஒழுகும்போது எந்த மெஷினும் உதவாது. சுவருக்குள் இறங்கிய நீர், வெளிப்புற ஃபைபர்கிளாஸை உள்ளிருக்கும் மெல்லிய ப்ளைவுட்டிலிருந்து பிரித்துவிடும். சுவர் குமிழ் குமிழாக உப்பும். அப்படி உப்பிய சுவரைச் சரிசெய்ய ஆகும் செலவில் பத்துக் குளிர்காலத்துக்கு மின்கட்டணம் கட்டலாம்.

மின்சாரம் வேண்டாத வழிகள்

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்க்காத வீடு நம்மில் இருக்காது. உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து, அந்த ஈரத்திலேயே கரைவதுதான் அந்தக் கசிவு. கடையில் விற்கும் டப்பாக்களில், இங்கே டேம்ப்ரிட் என்று பரவலாகக் கிடைப்பதில், இருப்பது அதன் உறவுக்காரரான கால்சியம் குளோரைடு. இழுக்கும் வேகம் அதற்கு இன்னும் கூடுதல். தன் எடையைவிடக் கூடுதலான தண்ணீரை இழுக்கும். விலை குறைவு, மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை. ஆனால் குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். டப்பாவுக்கு அருகே இருக்கும் காற்றைத்தான் உலர்த்தும். நிரம்பிவிட்டால் அதோடு சரி.

அந்தத் தண்ணீர் சிந்தினால் படும் பாட்டையும் சொல்லவேண்டும். எத்தனை தடவை துடைத்தாலும் கறை காயாது, மறுநாள் பார்த்தால் மறுபடி ஈரமாக இருக்கும். துணியில் எஞ்சிய உப்பே காற்றிலிருந்து புது ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். நிறையத் தண்ணீர் விட்டு அலசி எடுத்தால்தான் விடும். உலோகத்தையும் தோலையும் அரிக்கும். வைப்பதென்றால் சின்க்குக்குள்ளோ ஷவர் தட்டிலோ மட்டும் வையுங்கள். முழு டிரெய்லருக்கும் இதை நம்பவேண்டாம். கதவு மூடிய ஓர் அலமாரிக்கோ துணி வைத்த பெட்டிக்கோ போதும்.

சிலிக்கா ஜெல் சிந்தாது, சுட்டு உலர்த்தினால் மறுபடி பயன்படும். கையடக்கமாக வரும் பெட்டிகளைப் பிளக்கில் செருகி உலர்த்திக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெட்டி பிடிக்கும் நீர் 200 மில்லியைத் தாண்டாது. நம் கணக்கில் அது எட்டு மணி நேரத்துக்குக்கூட வராது. கேமரா, டயரிகள், கருவிப்பெட்டி இவற்றுக்கு நல்லது. கரி மூட்டையும் பேக்கிங் சோடாவும் நாற்றத்தை எடுக்கும், ஈரத்தை எடுக்காது.

மின்சாரம் இல்லாத யார்டில் மாத வாடகைக்கு நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு என் யோசனை, உலர்த்தும் எண்ணத்தையே விட்டுவிட்டு நன்றாகத் திறந்து வைப்பதுதான். கூரை வென்ட்டுகளின் மேல் மழை புகாத மூடி போட்டு முழுக்கத் திறந்துவிடவேண்டும். கீழ்ப்பக்கம் ஒரு ஜன்னலும் கொஞ்சம் திறந்திருக்கவேண்டும். மேலும் கீழும் வழி இருந்தால்தான் காற்று ஓடும். உள்ளே ஈரப்பதம் வெளியைப் போலவே 80, 85 என்று நிற்கும், அதைக் குறைக்க முடியாது. ஆனால் தேங்கிய காற்றில் ஒரு மூலை மட்டும் ஊறிப்போவது நடக்காது. பூசணத்துக்குத் தீனியாகும் மெத்தை, குஷன், திரை, துண்டு எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வெறும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் 85 சதவீதத்தைத் தாங்கும், பஞ்சு தாங்காது.

வெளியே கவர் போடுவதென்றால் காற்று ஊடுருவும் துணிக் கவர்தான் வேண்டும். நீலத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் அதன் அடியில் நீர் வியர்த்து நிற்கும், காற்றில் அடித்து அடித்து பெயின்ட்டையும் தேய்க்கும்.

பிளக் இருந்தால்

வீட்டுப் பக்கத்தில் நிறுத்தி ஒரு வயர் இழுக்க முடிகிறவர்களுக்கு இரண்டாம் வழி திறக்கிறது. அதிலும் பலவகை உண்டு, விற்பனைப் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம்.

பெல்டியர் என்ற சில்லு வைத்த சின்ன மெஷின்களை முதலில் ஒதுக்கிவிடலாம். பார்க்க அழகாக இருக்கும், 50 டாலரில் கிடைக்கும், நாளுக்குக் கால் லிட்டர் என்று எழுதியிருக்கும். அந்தக் கால் லிட்டர் 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரத்தில் கிடைத்தது. 7 டிகிரியில் சொட்டுக்கூட விழாது.

அடுத்தது சூடாக்குவது. காற்றிலிருந்து ஒரு துளி நீரைக்கூட எடுக்காமல், வெறுமனே சில டிகிரி சூடேற்றினாலே ஈரப்பதம் இறங்கும், ஏனென்றால் சூடான காற்றுக்கு நீராவியைத் தாங்கும் கொள்ளளவு அதிகம். படகுகளில் வைக்கும் 130 வாட் வட்டத் தட்டு ஹீட்டர்கள் இந்த நம்பிக்கையில்தான் விற்கின்றன. எங்கள் டிரெய்லரின் சுவர், கூரை, தரை வழியாக வெளியேறும் வெப்பத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 130 வாட்டுக்கு உள்ளே உயர்வது சுமார் 2 டிகிரி. 7 டிகிரியில் 85 சதவீதமாக இருந்த காற்று 9 டிகிரியில் 75 சதவீதமாகும். இரண்டு தட்டு வைத்தால் 11 டிகிரி, 66 சதவீதம். மோசமில்லை. நகரும் பாகம் அதிகமில்லை, தண்ணீர் கொட்டும் வேலை இல்லை. மாதத்துக்கு ஒரு தட்டுக்கு 94 யூனிட். யூனிட் 14 சென்ட் என்று வைத்தால் 13 டாலர்.

எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டரை 600 வாட்டில் ஓயாமல் ஓடவிட்டால் உள்ளே நன்றாகவே காயும். மாதம் 60 டாலர் ஆகும் என்பது ஒருபுறம், ஆளில்லாத வண்டியில் அவ்வளவு மின்சாரத்தை இரவு பகலாக ஓடவிட எனக்கு மனசு துணியவில்லை. புரோபேன் ஹீட்டரை மட்டும் உலர்த்தும் எண்ணத்தோடு கொளுத்தாதீர்கள். புகைபோக்கி இல்லாத ஹீட்டரில் ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக உள்ளேயே சேரும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

சூடாக்கும்போது ஒரு சங்கதியைக் கவனிக்கவேண்டும். நடுவில் தொங்கும் ஈரப்பதமானி 10 டிகிரி, 60 சதவீதம் என்று காட்டும். நாமும் நிம்மதியாகப் போய்விடுவோம். அதே காற்று மெத்தைக்குப் பின்னாலிருக்கும் 5 டிகிரிச் சுவரைத் தொடும்போது அங்கே 83 சதவீதம். பூசணம் அந்த இடத்தில்தான் பூக்கும், மானி தொங்கும் இடத்தில் பூக்காது. மெத்தையைச் சுவரிலிருந்து நகர்த்தி, பக்கவாட்டில் நிமிர்த்தி, அலமாரிக் கதவுகள் எல்லாவற்றையும் திறந்துபோட்டு வைப்பது இதனால்தான்.

மானி என்றதும் நினைவுக்கு வருகிறது. பத்து டாலர் மானிகள் ஐந்து சதவீதம் வரை தப்பாகக் காட்டும். சமையல் உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு மூடியில் வைத்து, மானியோடு சேர்த்து ஜிப் பையில் போட்டு மூடி ஒருநாள் விடுங்கள். பைக்குள் சரியாக 75 சதவீதம் நிற்கும். உங்கள் மானி 71 காட்டினால் இனி எப்போதும் நாலு கூட்டிப் படித்துக்கொள்ளலாம்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். டீஹியூமிடிஃபயர் என்றால் காற்றின் ஈரத்தை எடுக்கும் மெஷின். அதில் கம்ப்ரஸர் வகையா, ஈரம் உறிஞ்சும் ஜியோலைட் கனிமம் பூசிய சக்கரம் சுழலும் டெசிகன்ட் வகையா?

கம்ப்ரஸர் வகை ஒரு சின்ன ஏசி மாதிரி. குளிர்ந்த சுருளில் காற்றை மோதவைத்து நீரைப் பிரிக்கும். வீட்டு அடித்தளத்தில் இதற்கு இணை இல்லை. சிக்கல் என்னவென்றால் காற்றே 7 டிகிரியில் இருக்கும்போது, சுருள் அதைவிடக் குளிர வேண்டும், குளிர்ந்தால் உறையும். மெஷின் நின்று நின்று ஐஸ் கரைக்கும். பெரும்பாலான மாடல்கள் 5 டிகிரிக்குக் கீழே ஓடுவதே இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 2019-இல் இவற்றைச் சோதிக்கும் வெப்பநிலையை 80 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 65-க்கு இறக்கியது. அதுவரை நாளுக்கு 70 பைன்ட் (ஒரு பைன்ட் ஏறத்தாழ அரை லிட்டர்) நீர் எடுக்கும் என்று விற்ற மெஷின் அதன் பிறகு 50 பைன்ட் ஆயிற்று. மெஷின் மாறவில்லை, காற்று 8 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தது, அவ்வளவுதான். அந்த 65 என்பதும் 18 டிகிரி செல்சியஸ். நம் டிரெய்லர் நிற்பது அதைவிடவும் 11 டிகிரி கீழே.

டெசிகன்ட் வகையில் சுருள் கிடையாது. தேன்கூடு போன்ற சக்கரம், அதில் ஜியோலைட் பூச்சு. மெல்லச் சுழலும் சக்கரத்தின் ஒரு பக்கம் அறைக் காற்று நுழைந்து ஈரத்தை விட்டுவிட்டுப் போகும். மறுபக்கம் ஹீட்டர் சக்கரத்தைச் சுட்டு அந்த ஈரத்தை ஆவியாக விரட்டும். ஆவி குளிர்ந்து தொட்டியில் சொட்டும். 1 டிகிரி வரை இது தளராமல் ஓடும். பிரிட்டனில் குளிர்காலம் முழுக்கப் படகைக் கட்டிப்போடுகிறவர்கள் இதைத்தான் வைக்கிறார்கள். அமெரிக்காவில் மாடல்கள் குறைவு, விலை 200 டாலரைத் தாண்டும், கம்ப்ரஸரோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு மின்சாரமும் கூடுதல் பிடிக்கும்.

ஆனால் அந்தக் கூடுதல் மின்சாரம் வீணாவதில்லை. முழுக்கச் சூடாக உள்ளேதான் இறங்குகிறது. 350 வாட் ஓடும்போது எங்கள் டிரெய்லரில் சுமார் 5 டிகிரி ஏறும். 7 டிகிரி 12 ஆகும்போது, ஒரு சொட்டு நீர் எடுக்காவிட்டாலும் 85 சதவீதம் 62-க்கு வந்துவிடும். அதற்கு மேல் நீரையும் எடுக்கிறது. ஹீட்டர் வாங்கலாமா, டீஹியூமிடிஃபயர் வாங்கலாமா என்று நான் இரண்டு வாரம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். இது இரண்டும் ஒன்றானது. எங்கள் மழைக்குளிருக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. 55 சதவீதத்தில் நிறுத்தும்படி வைத்தால் நாளுக்கு எட்டு மணி நேரம் போல் ஓடுகிறது. மாதம் 84 யூனிட், 12 டாலருக்குள். 40-க்குக் கீழே இறக்க ஆசைப்பட வேண்டாம், அலமாரி மரம் சுருங்கும்.

இதை வாங்கும்போது பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று: மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக ஓடத் தொடங்குமா? நவம்பர் புயல்களில் இங்கே கரண்ட் போவது சகஜம். திரும்ப வந்தபின் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் என்ற மாடல், யாரும் எட்டிப்பார்க்காத டிரெய்லரில் மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் கூடாது. 12 கேஜ் தடிமனில், வெளியில் கிடந்து தாங்கும் வயரை, மழையில் ஷாக் அடிக்காமல் வெட்டிவிடும் பிளக்கில் செருகவேண்டும்.

தொட்டி நீரை ஹோஸ் வைத்து சின்க்கில் வடியவிடலாம் என்று பலர் சொல்வார்கள். குளிர்காலத்துக்காக வடிகால் வளைவில் ஊற்றிவைத்த பிங்க் ஆன்டிஃப்ரீஸை, அதாவது உறையாமல் காக்கும் திரவத்தை, அந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிவிடும். உறைபனி விழும் ஓர் இரவில் அங்கே வெறும் தண்ணீர் நின்றால் குழாய் வெடிக்கும். தொட்டி நிரம்பினால் மெஷின் நிற்கும்தான், அதனால் நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை போய்க் கையாலேயே கொட்டிவிட்டு வருகிறேன். கூடவே கூரையில் புதுக் கறை ஏதும் உண்டா என்று பார்ப்பதும் நடந்துவிடுகிறது.

எட்மன்டன், வினிபெக், மினியாபோலிஸ் போன்ற கடுங்குளிர் ஊர்கள் பக்கம் இருப்பவர்கள் இந்தச் செலவு எதுவும் செய்யவேண்டாம். மைனஸ் 15-இல் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் நீராவியே ஒன்றரை கிராம் அளவுதான், பூசணமும் அசையாது. கடைசிப் பயணத்துக்குப் பின் ஒரு வெயில் நாளில் எல்லாவற்றையும் திறந்துபோட்டு நன்றாகக் காயவைத்து, மூடிவிட்டால் போதும். அவர்களுக்கு ஆபத்து பனி உருகும் மார்ச், ஏப்ரலில். குளிர்ந்து கிடக்கும் உள்சுவரில் வெதுவெதுப்பான ஈரக் காற்று பட்டு வியர்க்கும். அந்த வாரங்களில்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

எங்கள் டிரெய்லரில் இப்போது வென்ட், ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது, சமையல் மேடைமேல் டெசிகன்ட் மெஷின் ஓடுகிறது, புது மெத்தை நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் தொங்கும் மானி 54, 56 என்று காட்டுகிறது. படுக்கைக்கு அடியிலிருக்கும் சாமான் அறையில் வைத்த இரண்டாவது மானி மட்டும் 68-ஐ விட்டு இறங்க மறுத்தது. மெஷினின் சூடான காற்று அந்த மூலை வரை போவதில்லை. போன வாரம் அங்கே ஒரு சின்ன மேசை மின்விசிறியை வைத்து, பலகையைக் கையகலம் தூக்கி முட்டுக் கொடுத்திருக்கிறேன். நேற்றுப் பார்த்தபோது 63.